ஓய்வு பெறும்போது கையில் என்ன வரும்?

கோலா குபு பாரு வட்டாரத்தில் ஆசிரியர்கள் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பென்ஷனில்தான் வந்து நிற்கும். கல்யாணப் பந்தலானாலும் சரி, தீமிதித் திருவிழாவானாலும் சரி, "உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம், சார்?" என்று ஒருவர் கேட்பார். "ஆறு வருஷம், டீச்சர்" என்று பதில் வரும். "எவ்வளவு வரும்?" என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் எல்லாருக்கும் தடுமாற்றம். "ஏதோ பாதிச் சம்பளம் வரும்" என்பார் ஒருவர். "பாதி என்பது பழைய கணக்கு, இப்போது அறுபது விழுக்காடு" என்பார் இன்னொருவர். "அதெல்லாம் ஆபீசில் பார்த்துப் போட்டுக் கொடுப்பார்கள்" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார்.

முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பின்னமும் விழுக்காடும் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். நம்முடைய சொந்தக் கணக்கை மட்டும் மற்றவர் கையில் விட்டுவிடுகிறோம். இதை நான் கேலியாக எழுதவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் இருந்தேன். எங்களோடு வேலை செய்த மூத்த ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கண்ட பிறகுதான் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன்.

அந்தப் பெரியவர் எஸ்டேட் கிராணியாக இருந்து, முப்பது வயதுக்கு மேல் ஆசிரியர் வேலைக்கு வந்தவர். எதையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கும் பழக்கம் கிராணி வேலையில் வந்தது. ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு மாதங்கள் இருக்கும்போது, அவருடைய சேவைக் காலத்தைக் குறித்து இலாகாவிலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் 328 மாதங்கள் என்று இருந்தது. சாருடைய நோட்டுப் புத்தகத்திலோ 340 மாதங்கள். "பன்னிரண்டு மாசம்தானே சார், விட்டுத் தள்ளுங்க" என்று ஆசிரியர் அறையில் இருந்த இளைஞர் ஒருவர் சொன்னார். சார் ஒன்றும் பேசாமல் கரும்பலகைக்குப் போய், சாக்குக் கட்டியை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். நான் பார்த்த பாடங்களிலேயே நல்ல பாடம் அதுதான்.

அந்தக் கணக்கை இங்கே தருகிறேன். பொதுச் சேவை ஊழியர்களின் ஓய்வூதியம் 1980ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தின்படி கணக்கிடப்படுகிறது. அதற்கு வேண்டியவை இரண்டே எண்கள். ஒன்று, கணக்கில் சேரும் சேவை மாதங்கள். மற்றொன்று, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம். இரண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் மாதா மாதம் வரும் ஓய்வூதியம் கிடைக்கும். எளிதாக இருக்கட்டும் என்று சம்பளத்தை 6,000 வெள்ளி என்றே வைத்துக் கொள்வோம். 340ஐ 6,000ஆல் பெருக்கி 600ஆல் வகுத்தால் 3,400 வெள்ளி.

இது மாதப் பணம். இதோடு ஓய்வு பெறும்போது மொத்தமாக ஒரு பணிக்கொடை உண்டு. மலாயில் கஞ்சாரான் என்கிறார்களே, அதுதான். கடைசிச் சம்பளத்தில் ஏழரை விழுக்காட்டை எடுத்துச் சேவை மாதங்களால் பெருக்க வேண்டும். 6,000 வெள்ளியில் ஏழரை விழுக்காடு 450 வெள்ளி. அதை 340ஆல் பெருக்கினால் 1,53,000 வெள்ளி. மூன்றாவதாக, எடுக்காமல் சேர்த்து வைத்த விடுப்புக்கும் ஒரு தொகை உண்டு. ஒரு நாளுக்கு மாதச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு. அறுபது நாள் சேர்த்திருந்தால், நம் உதாரணத்துச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 12,000 வெள்ளி. ஆனால் நமக்குப் பள்ளி விடுமுறை இருப்பதால், ஆபீஸ் ஊழியரைப்போல் ஆசிரியரால் இதில் நிறையச் சேர்க்க முடியாது. இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இப்போது சாருடைய கரும்பலகைக்கு வருவோம். சம்பளம் 6,000 வெள்ளி என்றால், ஒரு சேவை மாதத்தின் விலை என்ன? 6,000ஐ 600ஆல் வகுத்தால் பத்து வெள்ளி. அதாவது, கணக்கில் விட்டுப்போன ஒவ்வொரு மாதத்துக்கும் உயிருள்ளவரை மாதம் பத்து வெள்ளி குறையும். பணிக்கொடையில் 450 வெள்ளி குறையும். பன்னிரண்டு மாதம் விட்டுப்போனால் மாதம் 120 வெள்ளி, மொத்தத்தில் 5,400 வெள்ளி. "இப்ப விட்டுத் தள்ளட்டுமா, தம்பி?" என்று சார் திரும்பிக் கேட்டார். தம்பி வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு மாதங்கள் எங்கே போயின? சாருடைய தாயார் களும்பாங் பக்கத்துத் தோட்டத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அவர் நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறார். சம்பளமில்லா விடுப்பு பொதுவாகச் சேவைக் கணக்கில் சேராது. அதைச் சாரும் அறிந்தே கழித்து வைத்திருந்தார். ஆனால் அவர் 2004 மார்ச்சில் வேலைக்குத் திரும்பியதை யாரோ 2005 மார்ச் என்று பதிந்துவிட்டார்கள். ஒரே ஓர் எண். நான்குக்குப் பதில் ஐந்து. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தத் தவறு ஒரு கோப்பில் உட்கார்ந்திருக்கிறது, ஒருவர் கண்ணிலும் படாமல்.

அவர் அந்த ஓராண்டும் பாடம் நடத்தினார் என்பதற்கு நாங்கள் சாட்சி சொல்லலாம். சாட்சியை யார் கேட்டார்கள்? தாள் வேண்டும். அவர் அப்போது இருந்த பள்ளி இடம் மாறிவிட்டது, பழைய வருகைப் பதிவேடு கிடைக்கவில்லை. மூன்று முறை அந்த ஆபீசுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு முகம், ஒரே பதில். கடைசியில் காப்பாற்றியது அவருடைய மனைவிதான். அந்த அம்மா, கணவருடைய சம்பளச் சீட்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் ஆண்டுவாரியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தார். "எதுக்கு இந்தக் குப்பை?" என்று தாம் எத்தனையோ முறை சத்தம் போட்டதாகச் சாரே சொன்னார். 2004 ஏப்ரல் முதல் வரிசையாகப் பன்னிரண்டு சீட்டுகளும் இருந்தன. திருத்தம் செய்து கடிதம் வர ஐந்து மாதம் ஆயிற்று. ஓய்வு பெறும் நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகத்தான் 340 என்ற எண்ணை அவர் கண்டார்.

பிஸ்கட் டின் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று என்னையே கேட்டுக் கொண்டேன். தாள்களுக்கும் நம் ஊருக்கும் ராசி போதாது. 1883இல் அணை உடைந்து பழைய கோலா குபுவே வெள்ளத்தில் போனது. 1926 வெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள், அதனால்தான் பெயரில் 'பாரு' ஒட்டிக்கொண்டது. அது போகட்டும். வீடு மாறும்போதும் தோட்டம் விற்கப்படும்போதும் நாம் முதலில் எறிவது பழைய தாள்களைத்தான்.

சரி, கணக்கில் நாம் அடிக்கடி இடறும் இடங்களைப் பார்ப்போம். முதல் இடறல், கையில் வாங்கும் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவது. வீட்டு வாடகைப் படி, வாழ்க்கைச் செலவுப் படி போன்றவை எல்லாம் வேலை இருக்கும்வரைதான். ஓய்வூதியக் கணக்குக்கு அடிப்படைச் சம்பளம் மட்டுமே. கையில் ஏழாயிரத்துக்கு மேல் வாங்கிப் பழகியவருக்கு 3,400 வரும்போது அது பாதிகூட இல்லையே என்று திகைப்பு வருகிறது. யாரும் ஏமாற்றவில்லை. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட எண் தவறு. வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் அதுவும் ஓய்வூதியத்திலிருந்தே கழியும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இரண்டாவது, உச்சவரம்பு. முன்பு எத்தனை ஆண்டு உழைத்தாலும் கடைசிச் சம்பளத்தில் பாதிக்குமேல் கிடையாது. 25 ஆண்டில், அதாவது 300 மாதத்தில், அந்த வரம்பைத் தொட்டுவிடலாம். 2009 ஜனவரி 1 முதல் அது ஐந்தில் மூன்று பங்கு ஆயிற்று. அறுபது விழுக்காடு என்கிறோமே, அது இதுதான். அதற்கு 360 மாதங்கள் வேண்டும். ஆகவே 'எல்லாருக்கும் அறுபது விழுக்காடு' என்பது தவறு. முப்பது ஆண்டு முழுதாகக் கணக்கில் இருந்தால்தான் அறுபது. 35 ஆண்டு, அதாவது 420 மாதங்கள் வேலை செய்தவருக்கும் மாதப் பணம் 360க்குத்தான் கணக்கு. 6,000 வெள்ளிச் சம்பளத்துக்கு 3,600. ஆனால் பணிக்கொடைக்கு 420 மாதமும் கணக்கில் வரும். 1,89,000 வெள்ளி.

மூன்றாவது, தற்காலிக ஆசிரியராக இருந்த காலம். நம் தோட்டப் பள்ளிகளில் பலர் அப்படித் தொடங்கியவர்கள்தான், நானும் ஒருத்தி. அந்த மாதங்கள் தாமாகவே முழுமையாகக் கணக்கில் ஏறிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த வகை நியமனம், இடையில் முறிவு இருந்ததா, நியமனக் கடிதம் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் படி கொடுத்து வைத்துக்கொண்ட காலம் அரசாங்கச் சேவையே அல்ல. பென்ஷன் தகுதி வழங்கப்பட்ட கடிதம் ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அந்தத் தகுதி வந்ததும், அதுவரை நம் பெயரில் ஊழியர் சேமநிதியில் அரசாங்கம் போட்ட பங்கு திரும்ப அரசாங்கத்துக்கே போய்விடும். நம்முடைய பங்கு நம்முடையது. பென்ஷன் வேண்டாம், சேமநிதியே போதும் என்று ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு மேலே சொன்ன மாதப் பணக் கணக்கு பொருந்தாது.

விருப்ப ஓய்வைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கட்டாய ஓய்வு வயது 55ஆக இருந்தது, 2001இல் 56, 2008இல் 58, 2012இல் 60 என்று ஏறிவிட்டது. ஆகவே களைத்துப் போனவர்கள் முன்கூட்டியே போக நினைப்பது இயல்பு. நாற்பது வயதுக்குமேல், பத்தாண்டுச் சேவை இருந்தால் கேட்கலாம். ஆனால் மாதப் பணம் மறுநாளே தொடங்காது. 1991 ஏப்ரல் 12க்குப் பிறகு வேலைக்கு வந்த ஆசிரியர் 55 வயதுவரை காத்திருக்க வேண்டும். ஐம்பது வயதில், 300 மாதச் சேவையோடு, 5,000 வெள்ளிச் சம்பளத்தில் ஒருவர் விலகினால் அவருடைய மாதப் பணம் 2,500 வெள்ளி. அதுவும் ஐந்து ஆண்டு கழித்து. அந்த ஐந்து ஆண்டும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! பணிக்கொடையைத் தின்று தீர்த்துவிட்டு, பென்ஷன் தொடங்கும்போது கடனோடு நிற்பவர்களை நான் அறிவேன். உடம்பு முடியாதவர்களைக் குறை சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு அந்தப் பணம் வளருமா என்று கேட்பவர்கள் உண்டு. 2013 ஜனவரி முதல் ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு ஏறும் என்று ஒரு விதி வந்தது. அதற்கு முன்பு, வேலையில் இருப்பவர்களின் சம்பள அட்டவணை மாறும்போது ஓய்வு பெற்றவர்களின் பணமும் மாறும். புதிய விதி தங்களுக்குப் பாதகம் என்று வெளியுறவு அமைச்சில் பணியாற்றி ஓய்வு பெற்ற அமினா அகமது என்ற அம்மையாரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2023 ஜூன் 27இல் கூட்டரசு நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லின. ஓய்வூதிய உரிமையைப் பாதகமாக மாற்றக் கூடாது என்ற அரசமைப்புச் சட்டத்தின் 147ஆவது பிரிவுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. நம் கணக்குக்கு இதன் பொருள் என்னவென்றால், ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு என்று பெருக்கிப் பெருக்கி இருபது ஆண்டுக்குப் பட்டியல் போட்டு வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலைக் கிழித்துவிட வேண்டும்.

இனி, இந்தப் பத்திரிகையைப் படிக்கும் தாய்மார்களுக்கு. பென்ஷன் வாங்குபவர் கண்ணை மூடினால், மனைவிக்கும் உரிய வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மனைவி உத்தியோகத்தில் இருந்து இறந்தால் கணவருக்கும் உண்டு. வேலையில் இருக்கும்போதே இறந்தாலும் உண்டு. ஆனால் மனைவி என்று எப்படி நிரூபிப்பது? கோயிலில் தாலி கட்டியது ஊருக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியாது. 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1இல் அமலுக்கு வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். நம் தோட்டங்களில் 'பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்று விட்டுவிட்ட தம்பதிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பள்ளித் தோட்டக்காரர், ஆஸ்பத்திரி ஊழியர், பொதுப்பணித் துறைத் தொழிலாளி என்று அரசாங்கச் சேவையில் இருக்கும் யாருடைய மனைவியானாலும், பதிவுத் திருமணச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று இன்று இரவே கேட்டு வையுங்கள். கணவருடைய சேவை மாதம் எத்தனை என்பதையும் கேளுங்கள். "உனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று பதில் வந்தால் சாருடைய பிஸ்கட் டின் கதையைச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கு முழுவதும் பழையவர்களுக்குத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 பிப்ரவரி 1 முதல் அரசாங்க வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்கள் பென்ஷன் திட்டத்தில் வருவதில்லை, அவர்களுக்கு ஊழியர் சேமநிதிதான். என் அக்காள் மகள் பயிற்சி முடித்து வரப்போகிறாள். "சித்தி, உங்க கணக்கு எனக்கு உதவாதுல்ல?" என்றாள். உதவாதுதான். தமிழ்நாட்டிலும் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்த ஆசிரியர்களைப் பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றினார்கள். பழைய பென்ஷன் கேட்டு அங்கே ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். ஓய்வுக்குப் பிறகு சாகும்வரை ஒருவருக்குச் சோறு போடும் பொறுப்பு யாருடையது என்று எல்லா அரசாங்கமும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

அந்தப் பெண் கேட்டபோது எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. அப்பா பால்மரம் வெட்டியவர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னதால் தோட்டம் வைத்த பள்ளியில், காலையில் பாடமும் மற்ற நேரத்தில் தோட்டத்துக் கணக்குமாக உழைத்த பழைய வாத்தியார்களுக்கே பென்ஷன் இல்லை, அப்பாவுக்கு எங்கிருந்து வரும்? 55 வயதில் சேமநிதிப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்தது. அதே மாதம் லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வார்த்தை வந்தது. அக்காளின் கல்யாணம், பட்டணத்தில் வாடகை வீட்டு முன்பணம், அம்மாவின் வைத்தியம் என்று நான்கு ஆண்டில் தீர்ந்துவிட்டது. அப்பா ஊதாரி அல்ல. ஒரு வெள்ளியையும் வீணாக்கவில்லை. மொத்தமாக வருகிற பணத்துக்கு மொத்தமாகவே செலவு வந்து நிற்கிறது. எனக்கு வேலை உறுதியான கடிதத்தைக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ரிட்டையர் ஆன பெறகும் மாசா மாசம் வருமாம்மா?" வரும்ப்பா என்றேன். "சாகுற வரைக்கும்?" என்றார். ஆமாம் என்றேன். அன்று அவர் வேறெதுவும் பேசவில்லை.

அந்தக் கடிதத்தையும் இப்போது தேடி எடுத்துவிட்டேன். சென்ற பள்ளி விடுமுறையில் நியமனக் கடிதம், வேலை உறுதிக் கடிதம், பென்ஷன் தகுதிக் கடிதம், மாற்றல் கடிதங்கள், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் சமையலறை மேசையில் பரப்பி, என் சேவைப் பதிவோடு ஒவ்வொரு தேதியாக ஒத்துப் பார்த்தேன். என் தற்காலிகக் காலத்தில் ஐந்து மாதத்துக்குக் கடிதமே இல்லை. அன்றைய தலைமையாசிரியர் செரண்டாவில் மகன் வீட்டில் இருக்கிறார், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போய்ப் பார்த்தேன். "நீ அந்த ஜனவரியில வந்த பொண்ணுதானே?" என்று அடையாளம் கண்டுகொண்டார். கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார், கை நடுங்கினாலும் எழுத்து அழகாகத்தான் இருந்தது. அதன் நகலை இலாகாவுக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கியாயிற்று. அந்த ஐந்து மாதங்களை ஏற்பார்களா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. அசல், எங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னில் இருக்கிறது.